எரிந்த கல்

லீ பஜாருக்குப் பின்னால்
புளி மூட்டை வைக்கும் குளிர்க்கிடங்கை
மே மாதம் பத்து நாள் வாடகைக்குப் பிடித்து
பனி ஊற்றினார்கள்.
சுவரெல்லாம் புளி வாசம்.
வெளியே நூற்று நான்கு டிகிரி,
உள்ளே ஸ்வெட்டர்.
கதவு திறந்து மூடுகிற ஆளுக்கு மட்டும்
இரண்டு பருவமும் ஒரே நேரத்தில்.

அகில இந்தியப் பெண்கள் கர்லிங்.
பேனர் போட்டவன் அதை
முடி சுருட்டுகிற போட்டி என்று நினைத்து
ஓரத்தில் ஒரு சுருட்டைமுடிக்காரியை
வைத்துவிட்டான்.
யாரும் கழற்றவில்லை.

ஜவ்வரிசி ஜவ்வரிசியாய்த் தண்ணீர் தெளித்து
உறையவிடுவார்கள்.
அதன்மேல்தான் கல் ஓடும்.
இருபது கிலோ. நூற்றைம்பது அடி.
போய்ச் சேருமிடத்தில் வட்டத்துக்குள் வட்டம்,
அதற்குப் பெயர் வீடு.

நான் தேய்க்கிறவள்.
ஓடும் கல்லுக்கு முன்னால் பிரஷ்ஷை வைத்து
பனியைச் சூடேற்றிக்கொண்டே ஓடவேண்டும்.
"கூட்டுறதுக்கெல்லாமா கப்பு?" என்றார் கொழுந்தனார்.
அவருக்குத் தெரியாததில்லை,
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில்
சாயங்காலம் தரை கூட்ட
யாரை விடுவார்கள் என்று.
அந்தக் குப்பையில் வெள்ளி இருக்கும்.
பதினோரு வருஷமாய் நான்தான் கூட்டுகிறேன்.

இறுதி ஆட்டம் லடாக்கோடு.
ஐந்துக்கு ஐந்து.
அவர்கள் கல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது,
நடுப்புள்ளிக்கு ஒரு சாண்.
எங்களுக்குக் கடைசிக் கல்.
புஷ்பம் விடுகிறாள்:
ஏற்காட்டிலிருந்து தினம்
இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவள்,
எது எங்கே வளையும் என்று அவளைக் கேட்கணும்.

கல் வந்தது.
"தேய்! தேய்!" அந்த முனையிலிருந்து ரஹ்மத்.
"விடு... விடு... ஐயோ தேய்!"
நானும் பூங்கோதையும்
குனிந்த தலை நிமிராமல்.

வீட்டு வாசலில் பட்டது.
பட்டது என்றால்,
கொலுசில் ஒரு முத்து
பக்கத்து முத்தை உரசுமே, அவ்வளவு.
பிரஷ்ஷின் ஓரம், கல்லின் இடது விலா.
சத்தம் இல்லை.
நடுவர் பார்க்கவில்லை.
பூங்கோதை பார்க்கவில்லை.
கண் பார்க்கிற விஷயமில்லை அது,
கை பார்ப்பது.

கல் நின்றது.
அவர்கள் கல்லைவிட ஒரு விரற்கடை உள்ளே.
விசில். பட்டறை முதலாளி
நாற்காலிமேல் ஏறி நிற்கிறார்.
கொழுந்தனாரும்.

இந்த ஆட்டத்தில்
தப்பு செய்தவரேதான் சொல்லவேண்டும்.
அப்படி ஒரு சட்டம்.
எழுதினவர்களுக்கு எங்கள் தெரு தெரியாது.

கையைத் தூக்கினேன்.
நல்ல மனசு என்று யாரும் எழுதவேண்டாம்.
கை ஏற ஏற உள்ளே கணக்குப் போட்டேன்:
கோப்பை, பரிசுப்பணம்,
ரஹ்மத்துக்கு ரயில்வேயில் ஒரு வாய்ப்பு,
அவள் அம்மாவின் டயாலிஸிஸ்.
கணக்கு முடியுமுன்
கை மேலே போய்விட்டது.

பட்ட கல்லை எரிந்த கல் என்பார்கள்.
எடுப்பதும் விடுவதும் எதிராளி இஷ்டம்.
டோல்கர் குனிந்து கல்லைப் பார்த்தாள்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
விட்டுவிடுவாள் என்று
அரை நொடி நம்பினேன்.
காலால் மெதுவாய்த் தள்ளி
ஓரமாய் வைத்தாள்.

நானாயிருந்தாலும் எடுத்திருப்பேன்.

ஆறுக்கு ஐந்து.

வென்றவர்கள்தான் தோற்றவர்களுக்கு
வாங்கித் தரவேண்டுமாம், அதுவும் வழக்கம்.
எட்டுத் தட்டுவடை செட் சொன்னாள் டோல்கர்.
காரம் தாங்காமல் பாதியில் அழுதாள்.
ரஹ்மத் சிரித்தபடி தன் சர்பத்தை நகர்த்தினாள்.
என் பக்கம் திரும்பாமல்
என் தட்டிலிருந்தும் ஒன்று எடுத்துத் தின்றாள்.

புஷ்பம் எதையும் தொடவில்லை.
கடைசி ஏற்காடு பஸ் வரை பேசவில்லை.
படியில் ஏறி நின்று
ஹாரனுக்கு மேல் கத்தினாள்:
"எந்தப் பக்கம் பட்டுச்சு?"
"இடது!"

கண்ணை மூடினாள்.
கல்லின் பிடியைத் திருப்புவதுபோல்
காற்றில் மணிக்கட்டைத் திருப்பினாள்.
"அப்ப படாம இருந்திருந்தா..."

பஸ் நகர்ந்துவிட்டது.
மீதியைத் திங்கட்கிழமைதான் கேட்கணும்.